நரிக்குடிப் பிள்ளைகளை விமானம் ஏற்றுகிறவன்

மாணவர் குழுக்களை விமானத்தில் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைப்பது என் தொழில். மதுரையில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜராக இருக்கிறேன். சொந்த ஊர் நரிக்குடி ஒன்றியத்தில் கண்மாய்க் கரையோரம் உள்ள ஒரு கிராமம். கொடைக்கானல், ஊட்டி பஸ் டூரில் தொடங்கி, இப்போது கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று பள்ளி, கல்லூரிக் குழுக்களோடு போய்வருகிறேன். போன இடத்தில் சுற்றிக்காட்டுவதை அந்த ஊர் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். என் வேலையின் கனமான பகுதி விமான நிலையம்தான். முப்பது பிள்ளைகள் ஒரு வாசலில் நுழைந்தால் முப்பது பேரும் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு பிள்ளைகூட ஒரு கவுன்ட்டரிலும் தேங்கி நிற்கக் கூடாது.

இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகப்பட்டது ஒன்று. விமான நிலையத்தில் ஒரு குழு தடுமாறினால் அதற்கான காரணம் அங்கே இருக்காது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஊரில், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில், ஈ-சேவை மையத்தில், வீட்டுத் தகரப்பெட்டிக்குள் இருக்கும் பழைய காகிதத்தில் இருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளைவிட எதிலும் குறைந்தவர்கள் இல்லை. அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கடல் தாண்டுவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மானாமதுரை வழியாகத் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்கி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்த வானம் பார்த்த பூமியில் எத்தனையோ பேர். தோட்டத்துக்குப் போகிற கூலிக் குடும்பங்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி போயிற்று. மலேயா, சிங்கப்பூர் போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதுவும் நின்றது. இன்றைக்கு எங்கள் பக்கத்து வீரசோழன் ஊருக்குப் போனால் வளைகுடா போய்வந்தவர்களைப் பார்க்கலாம். எல்லாமே பிழைப்புக்காகப் போனது. படிக்கிற பிள்ளை, படிப்பின் பெயரால், வாத்தியாரோடு போய்த் திரும்புவதுதான் புதிது.

அதற்கும் கதவு திறந்திருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அறுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப்போனது. 2024 ஜூனில் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இலக்கிய மன்றம், வானவில் மன்றம், சிறார் திரைப்படம் என்று மாநில அளவில் ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்று அரசு அறிவித்திருக்கிறது. திருச்சுழி தாலுகாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த வாய்ப்பு எந்த வருடமும் வரலாம். வரும்போது கையில் பாஸ்போர்ட் இருக்குமா என்பதுதான் கேள்வி.

பாஸ்போர்ட் என்றால் முதலில் பெயர். என் வேலையில் பாதி நேரம் பெயரில்தான் போகிறது. நம் பிள்ளைக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். பள்ளிக்கூடத்தில் ‘க. காளீஸ்வரி’. ஆதாரில் ‘காளீஸ்வரி க’. ரேஷன் கார்டில் வெறும் ‘காளீஸ்வரி’, அதிலும் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பெயர் என்ற இடமே காலியாக, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் நிற்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள், சிக்கல் என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்பப்பட்டவர்கள் எங்கள் பக்கம் அதிகம். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். பெயர் சூட்டுவதோ ஊருக்கு வந்து, குலசாமி கோயிலில் முடியிறக்கும்போது. மறுபடி மதுரைக்குப் போய் அந்தப் பெயரைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று பிள்ளை பெற்ற வீட்டில் யாருக்குத் தோன்றும்? பதினைந்து வயது வரை தாமதக் கட்டணம் கட்டி ஏற்றிக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். இப்போது பால்வாடியில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து இனிஷியலை ஏற்க மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று பிள்ளையின் பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று பலர் இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது சட்டப்படி செல்லும், ஆனால் வழியில் இடிக்கும். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் தமிழ்நாட்டு டிராவல்ஸ்காரர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆகவே நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை பெயரை முதல் கட்டத்தில் போடுங்கள், தகப்பன் பெயரை முழுசாக இரண்டாவது கட்டத்தில் போடுங்கள். இரண்டும் நிரம்பியிருக்கட்டும்.

இதில் ஒரு விளைவு உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். டிக்கெட்டிலும் போர்டிங் பாஸிலும் தகப்பன் பெயர்தான் முதலில் அச்சாகும். அதிகாரி பாஸ்போர்ட்டை விரித்துக்கொண்டு ‘கருப்பையா’ என்று கூப்பிடுவார். காளீஸ்வரி பேசாமல் நிற்பாள். “சார், அது எங்கப்பா பேரு” என்பாள் பிறகு. எங்கள் வட்டாரத்தில் ஒரே குழுவில் மூன்று பிள்ளைகளின் தகப்பனார் கருப்பையாவாகவும், நான்கு பேர் முனியசாமியாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே பெயர்ப் பட்டியலை நான் தகப்பன் பெயர் வரிசையில் வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு எண். அந்த எண் பெட்டியில், பையில், கழுத்தில் தொங்கும் அட்டையில், என் பட்டியலில் எல்லா இடத்திலும் ஒன்றே. குழு டிக்கெட்டில் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்க விமான நிறுவனம் இடம் கொடுக்கும். கொடுத்து டிக்கெட் அச்சான பிறகு ஒரு எழுத்தை மாற்றுவதும் பெரும்பாடு. அதனால் பள்ளிக்கூடம் தட்டச்சு செய்து தரும் பட்டியலை நான் வாங்குவதே இல்லை. பாஸ்போர்ட்டை எதிரில் வைத்து எழுத்து எழுத்தாக நானே அடித்துக்கொள்கிறேன்.

பாஸ்போர்ட்டின் ஆயுள் பலர் கவனிக்காத விஷயம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஐந்து வருடம், அல்லது பதினெட்டு முடிகிற நாள், எது முந்தியோ அதுவரைதான். பிளஸ் டூ படிக்கிற பையனுக்குப் பதினேழரை வயது என்று வையுங்கள். அவன் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாமே குறைந்தது ஆறு மாத ஆயுள் கேட்கும். போன வருடம் எடுத்த, முனை மடங்காத பாஸ்போர்ட் கையில் இருந்தும் பையன் போக முடியாது. இதற்கு வழி இருக்கிறது. பதினைந்து வயது முடிந்தவர்கள் விரும்பினால் ஆயிரத்துக்குப் பதில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டிப் பத்து வருடப் பாஸ்போர்ட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். இதை விண்ணப்பத்தில் கேட்டுக் குறிக்க வேண்டும். கூட ஐந்நூறு ரூபாய் என்று யோசிக்கிற தகப்பனாரிடம் உட்கார்ந்து விளக்க நான் தயங்கியதே இல்லை.

விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்பா திருப்பூரில் இருப்பார், அல்லது சவூதியில். அம்மா தனியாக வளர்க்கிற பிள்ளைக்கு வேறு படிவம். முன்பு எல்லாவற்றுக்கும் திருச்சிக்கு ஓட வேண்டியிருந்தது; 2007இல் மதுரையில் பாஸ்போர்ட் அலுவலகம் வந்த பிறகு அந்தத் தூரம் குறைந்தது. கூட வரும் ஆசிரியர் அரசுப் பணியில் இருந்தால் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு ஆகும் காலம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆவதைவிட அதிகமாக இருக்கும் என்பதால் அதை முதலில் தொடங்கச் சொல்வேன்.

காகிதம் முடிந்தால் ஒத்திகை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு விமான நிலையம் கட்டுவோம். முதல் பெஞ்சு நுழைவாயில், இரண்டாவது செக்-இன், மூன்றாவது இமிகிரேஷன், நான்காவது செக்யூரிட்டி. வாத்தியார்மார் அதிகாரிகளாக உட்காருவார்கள். பிள்ளைகள் எண் வரிசையில் வருவார்கள். இதில் ஒரு மணி நேரம் செலவழித்தால் அங்கே இரண்டு மணி நேரம் மிச்சம்.

நகரும் படிக்கட்டுக்குத் தனியாக ஒரு நாள். நரிக்குடியிலோ திருச்சுழியிலோ அது கிடையாது. மதுரை ரயில் நிலையத்தில் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே கூட்டிப்போவேன். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் கால் வைக்கிற இடத்தில் மஞ்சள் கோடு பிரிந்து பிரிந்து வருவதைப் பார்த்ததும் பிள்ளை நின்றுவிடும். பின்னால் வருகிறவர் மோதுவார். துப்பட்டா ஓரத்தில் சிக்கும். கோட்டைப் பார்க்காதே, எதிரே மேல்படியைப் பார், வலது கையால் பிடியைப் பற்று, ஒரே எட்டு வை என்று சொல்லி, இரண்டு முறை கைபிடித்து ஏற்றினால் மூன்றாவது முறை அவர்களாகவே ஏறுவார்கள். பயம் போன பிறகு கீழே இறங்கி மறுபடி ஏற வரிசையில் நிற்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அன்றைக்கே அனுபவித்து முடித்துவிட்டால் விமான நிலையத்தில் கவனம் சிதறாது.

பெட்டி எடை பார்க்க எங்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு. கரி மூடை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு எந்தக் கரிக்கடையிலும் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கடை ஓய்ந்த நேரத்தில், தராசுப் பலகையில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு பெட்டியாக வைப்போம். ஏற்றி அனுப்பும் பெட்டிக்குப் பெரும்பாலும் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ, கைப்பைக்கு ஏழு கிலோ. கடை அண்ணாச்சி அளவைச் சத்தமாகச் சொல்வார், நான் எண்ணுக்கு எதிரே எழுதிக்கொள்வேன். பிள்ளைகளின் உடுப்பு எட்டு கிலோ தாண்டாது. மிச்சம் எல்லாம் தின்பண்டம்: சேவு, அதிரசம், முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய்.

தராசுக்குப் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவேன். மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அதற்குத் தடை. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்து மிகுந்தது, தீப்பிடிக்கும் என்று விமானத்தில் விடுவதில்லை. ஊறுகாயும் எண்ணெயும் ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் போக வேண்டும். நூறு மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் கைப்பையில் ஆகாது. பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் பெயரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கைப்பையில் ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கும். பயணக் குறிப்பு எழுதச் சொல்லி வாத்தியார் சொன்னதால் பிள்ளை அப்படியே தூக்கி வைத்திருக்கும். அதிலிருந்து காம்பஸையும் டிவைடரையும் எடுத்துவிட வேண்டும். கூர் முனை.

இன்னும் ஒன்று எங்கள் பக்கத்துப் பைகளில் மட்டும் இருக்கும். அடியில், துணிக்குள் சுற்றி, ஒரு இரும்பாணியோ உடைந்த அரிவாள் துண்டோ. காத்துக் கருப்பு அண்டக் கூடாது என்று அப்பத்தா வைத்தது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வந்ததில்லை. ஆணியைப் பெரிய பெட்டிக்குள் மாற்றி வைத்துவிட்டு, “அப்பத்தா, இரும்பு கூடத்தான் வருது, பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு” என்று சொல்லிவிடுவேன். “ஆமய்யா, புள்ளயோட இருந்தாச் சரி” என்பார்கள்.

வழியனுப்புவது ஊரிலேயே முடிய வேண்டும். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை வெளியூர் போனால் தெருவே கிளம்பும். இரண்டு வேனில் சொந்தங்கள் வந்து விமான நிலைய வாசலில் கட்டிப்பிடித்து அழுதால், பிள்ளை உள்ளே நுழையும்போது கண்ணீரோடு நுழையும், சொல்வது காதில் ஏறாது. அய்யனார் கோயிலில் திருநீறு பூசி அங்கேயே கையசைத்துவிடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொள்கிறார்கள்.

நரிக்குடிக்கு அருகில் இருக்கும் விமான நிலையம் மதுரை. காரியாபட்டி வழியாகப் போனால் நான்கு வழிச்சாலை பிடித்து எளிதில் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில் கொழும்புக்குப் பறந்தது. சின்ன நிலையம் என்பதால் முதன்முறை போகும் பிள்ளைகளுக்கு நல்லது. எல்லாம் கண்பார்வைக்குள் இருக்கும். ஆனால் சிங்கப்பூர், மலேசியா என்றால் விமானங்கள் அதிகம் இருப்பது திருச்சியில். மானாமதுரை, சிவகங்கை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வழியாகப் போனால் விமான நிலையம் சாலையோரத்திலேயே வந்துவிடும். 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம், அந்த ஜூனிலிருந்து இயங்குகிறது. பழைய கட்டடத்தில் இரண்டு மூன்று விமானம் சேர்ந்து வந்தால் நிற்க இடமிருக்காது. இப்போது குழுவைச் சுவரோரம் உட்காரவைத்து எண்ண இடம் இருக்கிறது. வேனில் வரும்போதே வாந்தி எடுக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இட்லி மட்டும், முன் இருக்கை. விமானத்தில் வாந்தி வருவது அபூர்வம், வேன்தான் படுத்தும்.

செக்-இன் கவுன்ட்டர் மூன்று மணி நேரம் முன்னால் திறக்கும், ஒரு மணி நேரம் முன்னால் மூடும். நான் நான்கு மணி நேரம் முன்னால் வாசலில் நிற்பேன். குழு டிக்கெட் ஒரே காகிதத்தில் முப்பது பெயரோடு வரும். அதை ஆளுக்கொரு நகல் எடுத்து, ஒவ்வொரு நகலிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரை மார்க்கரால் அடித்துக் கொடுத்துவிடுவேன். வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படை வீரர் பாஸ்போர்ட்டையும் பெயரையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிடுவார்.

வரிசை முக்கியம். செம்மறிக் கிடை ஓட்டுகிற கீதாரிகள் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதேபோல் ஒரு ஆசிரியர் முதல் ஆளாகப் போய் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நான் கடைசி ஆள். கடைசிப் பிள்ளை தாண்டாமல் நான் எந்தக் கவுன்ட்டரையும் தாண்ட மாட்டேன். நடுவில் தைரியமான பிள்ளைகள் இரண்டு பேர். வீரசோழன் பக்கத்துப் பிள்ளைகளில் அத்தாவை வழியனுப்ப, கூட்டிவர என்று விமான நிலைய வாசல் வரை வந்து பழகியவர்கள் இருப்பார்கள். அவர்களை நடுவில் வைப்பேன். தலை எண்ணுவதை நான் செய்வதில்லை. பிள்ளைகள்தான் ஒன்று, இரண்டு என்று தங்கள் எண்ணைச் சொல்வார்கள். எந்த எண் வரவில்லையோ அந்தப் பிள்ளை யார் என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது என்பதில் என் தொழில்காரர்களிடையே இரண்டு கட்சி உண்டு. எல்லாவற்றையும் வாங்கி டூர் மேனேஜரே பையில் வைத்திருப்பது ஒன்று. பிள்ளையிடமே கொடுப்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. கழுத்தில் மாட்டும் துணிப்பையில், சட்டைக்குள், அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம். தொலைந்துவிடுமே என்பார்கள். இமிகிரேஷன் கவுன்ட்டரில் அந்தப் பிள்ளை தனியாகத்தான் நிற்கப்போகிறது. நான் கூட நிற்க முடியாது. அந்தப் புத்தகம் தன்னுடையது, தன் பொறுப்பு என்கிற நிமிர்வோடு அது நிற்க வேண்டும்.

அந்தக் கவுன்ட்டர்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படும் இடம். 2017 ஜூலையிலிருந்து இந்தியர்கள் புறப்பாட்டு அட்டை நிரப்ப வேண்டியதில்லை, அந்த மட்டில் நிம்மதி. அதிகாரி கேட்பது மூன்று நான்கு கேள்விதான். எங்கே போகிறாய், எதற்கு, எத்தனை நாள், யாரோடு. நம் பிள்ளைகள் அதிகாரியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, “தெரியல சார்” என்று சொல்லிவிடும். அது மரியாதையில் வருகிற பேச்சு. ஆனால் அந்த இடத்தில் அது சந்தேகத்தைக் கிளப்பும். நிமிர்ந்து நில், கண்ணாடியைக் கழற்று, கேமராவைப் பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தமிழில் கேட்டால் தமிழில் சொல். பெற்றோர் சம்மதக் கடிதமும் பள்ளியின் சான்றும் கையில் தயாராக இருக்கட்டும். முத்திரை குத்தி வாங்கியதும் தேதியைப் பார்த்துவிட்டு நகரு. வராந்தாப் பெஞ்சில் இதைப் பழகிய பிள்ளை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும்.

செக்யூரிட்டியில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கதி. பையன் உலோகம் பார்க்கும் வாசலில் நுழைவான், சத்தம் வரும். பெல்ட் இல்லை, சில்லறை இல்லை, செல்போன் தட்டில் இருக்கிறது. மறுபடி நுழைவான், மறுபடி சத்தம். வீரர் கருவியை இடுப்பருகே கொண்டுபோவார், அங்கே கீச்சென்று கத்தும். அரைஞாண் கயிறு, அதில் தாயத்து. பையனுக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிவிடும், பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள் என்று. அவன் வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்கிறேன்: கழற்ற வேண்டாம், சத்தம் வந்தால் “தாயத்து சார்” என்று தெளிவாகச் சொல். நம் ஊர் வீரர்களுக்கு அது தெரியும். வடநாட்டு வீரராக இருந்தாலும் அவர் ஊரிலும் அது உண்டு. பெண் பிள்ளைகளைத் திரைக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார், கருவி உடலைத் தொடும், அது எல்லோருக்கும் நடப்பது என்று ஆசிரியை ஒருவர் முதல் நாளே தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். அதே நேரத்தில் நாப்கின் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும் என்பதையும். பயணம், பதற்றம் இரண்டும் சேர்ந்தால் தேதி முன்னே பின்னே ஆகும். பெண் ஆசிரியர் இல்லாத பெண் பிள்ளைகள் குழுவை நான் கூட்டிப்போவதில்லை.

இறங்குகிற ஊரில் வேலை குறைவு. சிங்கப்பூருக்கு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் போட்டுவிட வேண்டும். மலேசியாவுக்கும் அதேபோல் ஒன்று 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சிங்கப்பூர் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் விமானத்திலேயே கடிகாரத்தைத் திருப்பச் சொல்வேன். பெட்டி வரும் பெல்ட்டில் எல்லாம் ஒரே மாதிரி நீலப் பெட்டி. சிவப்பு நாடாவும் எண்ணும் கட்டியிருப்பதால் நம்முடையது தெரியும்.

திரும்பி வரும்போது ஒரு ஆபத்து உண்டு. திருச்சிக்கும் சென்னைக்கும் வரும் விமானங்களில் தங்கம் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. விமானம் ஏறுமுன் ஒருவர் அருகில் வந்து உட்காருவார். “தம்பி எந்த ஊரு? அருப்புக்கோட்டைப் பக்கமா? நம்ம ஊருதான்” என்பார். கொஞ்ச நேரத்தில், “இந்தச் சங்கிலிய மட்டும் கழுத்துல போட்டுக்கய்யா, வெளிய வந்ததும் வாங்கிக்கிறேன்” என்பார். பார்சலாகவும் வரும். மாணவர் குழுவை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்ற கணக்கு அவருக்கு. ஊர்ப்பாசம் உள்ள பிள்ளை மறுக்கத் தெரியாமல் வாங்கிவிடும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் நகைச் சலுகை. மற்றவர்கள் தீர்வை கட்ட வேண்டும், மறைத்தால் வழக்கு. கிளம்பும் முன்பும், திரும்பும் முன்பும் இதை இரண்டு முறை சொல்கிறேன். யார் கேட்டாலும், அம்மா ஊர்க்காரரே ஆனாலும், “சாரைக் கேளுங்க” என்று என்னைக் கைகாட்டச் சொல்கிறேன். சத்தம் போட்டுச் சொன்னாலும் தப்பில்லை.

நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி ஒன்றியங்களின் தலைமை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. போட்டியில் பிள்ளை ஜெயித்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு ஓட நாள் போதாது. இந்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயர் ஏறாதவர்கள் யார் யார் என்று குறியுங்கள். பதினைந்து வயது முடிவதற்குள் பிறந்த ஊருக்குப் போய்ப் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்குள் திருத்திவிடுங்கள், அதற்குப் பிறகு திருத்துவது கடினம். பதினைந்து வயது முடிந்ததும் பத்து வருடப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத பெற்றோர் இருந்தால் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமை உட்காரவைத்து நிரப்பிக் கொடுங்கள்.